ஆக்சிஜன் குறைவால் மீன்கள் செத்தால் அது மாசு இல்லையா? பெரியாற்றுச் சம்பவம் எழுப்பிய குழப்பம்

2024 மே 20ஆம் தேதி இரவு தொடங்கி, கொச்சியை அடுத்த ஏலூர்–எடையாறு தொழிற்பகுதியை ஒட்டி ஓடும் பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர்ப் பகுதிகளில் கூண்டுகளில் கரிமீன் முதலியவற்றை வளர்த்து வந்தவர்கள் விற்பனைக்குத் தயாராக இருந்த மீன்களை ஒரே இரவில் இழந்தார்கள். செத்த மீன்களைக் கொண்டுவந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன் கொட்டிப் போராட்டமும் நடந்தது. முல்லைப் பெரியாறு அணையால் தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கறிந்த அதே ஆறுதான் இது. கடலைச் சேரும் முன் அது கடக்கும் பெரிய தொழிற்பகுதி ஏலூர்.

அடுத்த சில நாட்களில் இரண்டு விளக்கங்கள் வெளிவந்தன. மழையையொட்டி, பாதாளம் என்ற இடத்திலுள்ள தடுப்பணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம். செய்தியைப் படித்தவர்கள் இவற்றை ஒன்றுக்கொன்று எதிரான வாதங்களாக எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைவு என்றால் இயற்கை. வேதிப்பொருள் என்றால் மாசு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்பது போல விவாதம் போயிற்று.

இந்தப் பிரிப்பே பிழை. ஆற்றில் ஆக்சிஜன் குறைவது, பெரும்பாலான நேரங்களில், மாசு உயிர்களைக் கொல்லும் வழி. கழுத்தை நெரித்ததால் ஒருவர் இறந்தபின் "மூச்சுத்திணறலால் இறந்தார், வேறு காரணம் இல்லை" என்று அறிக்கை எழுதினால் அதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இருக்காது. இது எப்படி நிகழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நீருக்குள் இருக்கும் காற்று

மீன் மூச்சுவிடப் பயன்படுத்துவது நீர் மூலக்கூறில் பிணைந்துள்ள ஆக்சிஜனை அன்று. காற்றிலிருந்தும் நீர்த்தாவரங்களிலிருந்தும் வந்து நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனை. இதற்குக் கரைந்த ஆக்சிஜன் என்று பெயர். இதன் அளவு மிகச் சொற்பம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சமாகச் சுமார் 9 மில்லிகிராம்தான் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. நீர் சூடாகும்போது மீனின் உடலியக்கமும் விரைவதால் அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆக, கோடையில் வரவு குறைந்து செலவு கூடுகிறது. நாம் படிக்கும் மீன்சாவுச் செய்திகளில் பலவும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் வருவதற்கு இது ஒரு காரணம்.

மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் உரிய நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள தரத்தில், லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். வெப்பமான நாளில் முழுக் கொள்ளளவு 7.5, வேண்டிய குறைந்தபட்சம் 4 என்றால், இடையில் உள்ள இருப்பு லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம்தான்.

சர்க்கரை கொன்ற மீன்கள்

இந்த இருப்பைத் தின்பது எது என்பதற்கு 2018 மே மாதம் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் சேமித்து வைத்திருந்த மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரும்பாகு, கசிந்து ஆற்றில் கலந்தது. நீர் பழுப்பு நிறமானது. ஆற்றின் நெடுந்தொலைவுக்கு மீன்கள் செத்தன. மொலாசஸ் நச்சு அன்று. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் பொருள்தான் அது.

ஆனால் நீரில் கரைந்த சர்க்கரை பாக்டீரியாக்களுக்கு விருந்து. அதைச் சிதைக்க அவை ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் சிதைய ஏறக்குறைய 1.1 கிலோ ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் என்ற கணக்கில், அது ஒன்றரை லட்சம் லிட்டர் ஆற்றுநீரில் உள்ள மொத்த ஆக்சிஜன். ஒரு கிலோவுக்கே இந்தக் கணக்கு. பியாஸில் கலந்ததோ ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து வழிந்த பாகு.

இங்கேதான் செய்திகளில் அடிக்கடி வரும் பி.ஓ.டி. என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது. உயிரிவழி ஆக்சிஜன் தேவை என்று தமிழில் சொல்லலாம். நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கும் என்பதன் அளவு அது. இந்தியாவில் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்து அளக்கிறார்கள். வேறு வகையில் சொன்னால், நீர் வாங்கி வைத்திருக்கும் கடன். வீட்டுச் சாக்கடை நீருக்கு இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். மனிதக் கழிவு, சாராய ஆலைக் கழிவு, இறைச்சிக்கூடக் கழிவு, ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர், அழுகும் ஆகாயத்தாமரை எல்லாம் இந்தக் கடனை ஏற்றுபவைதான். எதிலும் நச்சு என்ற சொல்லுக்குரிய பொருள் ஒன்றுகூட இல்லாமலே இருக்கலாம்.

பியாஸ் சாதாரண ஆறும் அன்று. சிந்து நதி ஓங்கில்கள் (டால்பின்கள்) இந்தியாவில் எஞ்சியிருக்கும் இடம் அது. 2017 இறுதியில்தான் அங்கே கரியால் முதலைகளை மீண்டும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஓங்கிலும் முதலையும் காற்றைச் சுவாசிப்பவை, ஆகவே ஆக்சிஜன் குறைந்த நீர் அவற்றை நேரடியாகக் கொல்வதில்லை. அவற்றின் இரை செத்துப்போகிறது.

தேங்கிய ஆற்றின் மதகைத் திறந்தால்

இப்போது பெரியாற்றுக்குத் திரும்புவோம். பாதாளம் தடுப்பணையின் ஒரு பயன், கோடையில் கடலின் உப்புநீர் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறாமல் தடுப்பது. அதற்காக மதகுகள் மூடியிருக்கும்போது மேற்புறம் நீர் தேங்கும். கழிவு கலக்கும் எந்தத் தேங்கிய ஆற்றிலும் பின்வரும் வரிசை நிகழக்கூடும்:

1. ஓட்டம் நின்றதால், நீரோடு வந்த சாக்கடைக் கழிவும் ஆலைகளின் கழிவும் இலைதழையும் அடியில் படிந்து சேறாகின்றன.

2. அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேல்நீர் வெயிலில் சூடாகி இலேசாக மிதப்பதால் மேலும் கீழும் கலப்பதில்லை. அடிநீருக்குப் புதிய ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை.

3. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. இவை ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. புரதக் கழிவுகளிலிருந்து அம்மோனியா பிறக்கிறது.

4. கோடைமழை பெய்து மதகு திறக்கும்போது, வாரக்கணக்கில் அடியில் அடைபட்டுக் கிடந்த நீரும் சேறும் ஒரே மூச்சில் கீழே பாய்கின்றன. வழியில் எதிர்ப்படும் நல்ல நீரின் ஆக்சிஜனையும் அவை உறிஞ்சிவிடுகின்றன.

5. ஆற்றில் சுதந்திரமாக இருக்கும் மீன்களில் சில பக்க ஓடைகளுக்குத் தப்பும். கூண்டு மீனுக்குப் போக்கிடம் இல்லை.

இந்த வரிசையைப் பார்த்தால் ஆக்சிஜன் குறைவும் ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் போட்டி விளக்கங்கள் அல்ல என்பது புரியும். மூன்றும் ஒரே சேற்றின் பிள்ளைகள். ஹைட்ரஜன் சல்பைடு உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே முடக்குவதால், நீரில் ஆக்சிஜன் இருக்கும்போதே மீன் மூச்சுத்திணறும். அம்மோனியாவின் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது: 25 பாகையில், பி.எச். அளவு 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதுதான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சாகிவிடும். மொத்த அளவை மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

மதகைத் திறந்தது உடனடிக் காரணம் என்பது சரியாகவே இருக்கலாம். மதகுக்குப் பின்னால் அந்தச் சேறு எப்படிச் சேர்ந்தது, அதில் யார் பங்கு எவ்வளவு என்பவை அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நீர் மாதிரி ஏன் ஏமாற்றுகிறது

"மாதிரி எடுத்துச் சோதித்தோம், எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருந்தன" என்ற வாசகம் பல மீன்சாவுகளில் வருகிறது. அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. சோதனையே நேர்மையாக நடந்தாலும் மூன்று இடங்களில் அது தவறலாம்.

1. நேரம். கழிவின் சத்தால் பாசி பெருகிய நீரில், பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்னும். விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் விடியற்காலையில் செத்திருக்க, அலுவலர் காலை 11 மணிக்கு வந்து மாதிரி எடுத்தால், ஆக்சிஜன் தாராளமாக இருப்பதாகவே கருவி காட்டும்.

2. இடம். கழிவு கலக்கும் குழாயின் வாயிலில் ஆக்சிஜன் உடனே குறைவதில்லை. பாக்டீரியா பெருகிச் சிதைக்க நேரம் எடுப்பதாலும் அதற்குள் நீர் ஓடிவிடுவதாலும், பல கிலோமீட்டர் கீழேதான் அளவு மிகத் தாழ்ந்து, பிறகு காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்து மெல்ல ஏறுகிறது. அமெரிக்காவின் ஒகையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925இல் இதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார்கள். நூறாண்டு ஆகியும் பொறியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். மீன் செத்த ஊரிலேயே குற்றவாளியைத் தேடுவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு அந்த வளைகோடு போதும்.

3. பட்டியல். ஆய்வகம் தேடும் பொருளைத்தான் கண்டுபிடிக்கும். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. பல ஆண்டுகள் காரணம் புரியவில்லை. வாகன டயர் விரைவில் விரிசல்விட்டுத் தேயாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் குயினோன் வகைச் சேர்மம் ஒன்றுதான் காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். அதுவரை எந்தத் தரநிலைப் பட்டியலிலும் அதற்குப் பெயரே இல்லை.

தரநிலை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரின் பி.ஓ.டி. இவ்வளவு இருக்கலாம் என்ற எண்ணின் வேர், பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912இல் தந்த பரிந்துரையில் இருக்கிறது. அது சொன்ன வரம்பு லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: கழிவைப்போல் குறைந்தது எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் கலக்க வேண்டும். ஆற்றுநீரின் பி.ஓ.டி. 2 என்றால், எட்டுப் பங்கு அதுவும் ஒரு பங்கு கழிவும் சேர்ந்து 4 ஆகும்; அதற்குள் ஆறு தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு. ஆண்டெல்லாம் மழை பெய்யும் தீவுக்கு அது பொருந்தும். மழையில்லா மாதங்களில் கூவத்திலோ நொய்யலிலோ ஓடும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராகவே இருக்க, எட்டு மடங்கு நல்ல நீர் எங்கிருந்து வரும்? இந்தியாவில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்குப் பொது வரம்பு 30. குளிக்கத்தகும் ஆற்றுநீருக்கு வரம்பு 3. எல்லா ஆலைகளும் எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் நீர்வரத்து இல்லாத ஆறு செத்துப்போக முடியும்.

உப்பு என்னும் மறந்த மாசு

ஆக்சிஜன் கணக்கில் வராத ஒரு வழியும் இருக்கிறது. 2022 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் போலந்து–ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் சுமார் 360 டன் மீன் செத்தது. முதலில் பாதரசம் என்று வதந்தி பரவியது. உண்மையில், கடலோர உவர்நீரில் வாழும் ஒரு பொன்னிறப் பாசி, கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள நன்னீர் ஆற்றில் பெருகி, மீன்களின் செவுள்களைச் சிதைக்கும் நச்சை வெளிவிட்டிருந்தது. உவர்நீர்ப் பாசிக்கு நன்னீர் ஆற்றில் இடம் கொடுத்தது ஆற்றில் கலந்த உப்பு. சுரங்கங்களிலிருந்து வெளியேற்றும் நீர் அதில் பெரும்பங்கு. வெயிலும் குறைந்த நீரோட்டமும் அந்த உப்பை மேலும் செறிவாக்கின. மீன்களோடு நத்தைகளும் மட்டிகளும் மடிந்தன.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி தெரிந்ததுதான். துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் பிடிக்க உப்பைக் கொட்டுகிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைத்தன. கரைந்த உப்பு அப்படியே நொய்யலுக்குப் போய், 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனம் தர வேண்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாமல் மீட்டெடுக்க வேண்டும் என்ற உத்தரவும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்ன சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையும் அந்த உப்பின் தொடர்ச்சியே. கண்ணுக்குத் தெளிந்த, நாற்றமில்லாத நீர் நன்னீர் உயிர்களுக்கு உகந்ததாக இருக்க வேண்டியதில்லை.

அடிச்சேற்றில் வாழும் சாட்சிகள்

நீர் மாதிரி ஒரு கணத்தின் புகைப்படம் என்றால், அந்த இடத்திலேயே மாதக்கணக்கில் வாழும் சிற்றுயிர்கள் ஒரு நாட்குறிப்பு. ஆற்றடியில் கல்லைப் புரட்டினால் தென்படும் பூச்சிகளின் இளவுயிரிகள், நத்தைகள், மட்டிகள், புழுக்கள் ஆகியவை ஓடித் தப்ப முடியாதவை. கழிவு நள்ளிரவில் திறந்துவிடப்பட்டாலும் அவை அங்கேதான் இருக்கும், அல்லது அங்கே இல்லாமல் போயிருக்கும். ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற அறிஞர்கள் 1900களின் தொடக்கத்திலேயே இவற்றை வைத்து ஆற்றின் மாசை வகைப்படுத்தினார்கள். பிற்பாடு பிரிட்டனில் ஒவ்வொரு சிற்றுயிர்க் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறை உருவானது. அதைத் தழுவி இந்திய மத்திய வாரியமும் உயிரியல் தர அளவீடு ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் மீன்சாவு நிகழும்போது வெளியாகும் அறிக்கைகளில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

மதிப்பெண் உச்சத்தில் இருப்பவை ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை போன்ற பூச்சிகளின் இளவுயிரிகள். குளிர்ந்த, ஓட்டமுள்ள, ஆக்சிஜன் மிகுந்த நீர் இல்லாமல் இவற்றில் பெரும்பாலானவை வாழாது. தும்பியின் இளவுயிரிகளில் இனத்துக்கு இனம் தாங்கும் ஆற்றல் வேறுபடும். அடிமட்டத்தில் வருபவை, வண்ணமீன் வளர்ப்போர் தீவனமாக வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் ரத்தப்புழுவும். ரத்தப்புழு சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அருகிய சேற்றில் கிடைத்ததைப் பிடித்துவைக்க அது உதவுகிறது. ஓர் ஆற்றடியில் இந்த இரண்டு மட்டுமே ஆயிரக்கணக்கில் நெளிந்தால், அன்றைய நீர் மாதிரி என்ன சொன்னாலும், ஆற்றின் கதை தெரிந்துவிடும்.

மீனை வைத்து மட்டும் ஆற்றின் நலத்தை அளப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை நேரடியாக உள்ளிழுக்க வல்லவை. வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும், வண்ணமீன் தொட்டிகளிலிருந்து ஆறு குளங்களுக்குத் தப்பிய டேங்க் கிளீனரும் அப்படியே. ஜிலேபிக் கெண்டையும் கெட்ட நீரைப் பெரிதும் தாங்கும். வலை நிறைய இவையே வந்தால், ஆறு உயிரோடு இருக்கிறது என்பதைவிட, மற்றவை போய்விட்டன என்பதே பொருத்தமான வாசிப்பு.

செத்தபின் ஆறு மீளுமா

மீன்சாவுக்குப் பின் சில மாதங்களில் மீன்கள் திரும்பிவிட்டன என்ற செய்தியும் வருவதுண்டு. மேலிருந்தும் கிளையாறுகளிலிருந்தும் மீன்கள் வந்து சேரும் என்பதால் அது நடக்கக்கூடியதே. வழியில் தடுப்பணைகள் இருந்தால் கீழிருந்து ஏறி வருவது தடைபடும்; பறக்கும் பூச்சிகளுக்கு அந்தத் தடை இல்லை, அருகில் நல்ல ஓடை ஒன்று இருந்தால் போதும்.

மட்டிகளின் நிலை வேறு. நன்னீர் மட்டிகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில வாரங்கள் ஒட்டி வாழ்ந்தபின்தான் உதிர்ந்து ஆற்றடியில் நிலைகொள்ள முடியும். எந்த மீனிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் இல்லை. பல இனங்களுக்குக் குறிப்பிட்ட சில மீன்களே ஏற்றவை. அந்த மீன்கள் செத்துப்போன ஆண்டில் மட்டிகளுக்கு அடுத்த தலைமுறை இல்லை. அந்த மீன்களின் இடத்தை ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இல்லாமல் போகலாம். மட்டிகள் நீரை உறிஞ்சி வடிகட்டி உணவெடுப்பவை; பாசியையும் கலங்கலையும் குறைக்கும் வேலை அவற்றுடையது. அவை இல்லாத ஆற்றில் பாசி எளிதாகப் பெருகுகிறது, பாசி மடிந்து அடியில் படிகிறது, அடுத்த கோடையில் மதகுக்குப் பின்னால் சேறு சேர்கிறது.